எடைக்கருவி சொல்லாதவை: கல்லூரி மாணவர்களின் உருவக் கவலையும் உடல்நலப் பழக்கங்களும்

1944ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகக் கால்பந்து அரங்கத்தின் படிக்கட்டு வரிசைகளுக்குக் கீழே இருந்த அறைகளில் 36 இளைஞர்கள் குடியேறினார்கள். போரில் ஆயுதம் ஏந்தத் தங்கள் மனச்சான்று இடம் தராது என்று சொன்னவர்கள் அவர்கள். அதற்கு ஈடாக, பஞ்சத்தில் வாடிய ஐரோப்பிய மக்களுக்கு எப்படி மறுபடியும் உணவூட்டுவது என்பதை அறிவதற்கான ஒரு சோதனைக்குத் தங்கள் உடலைக் கொடுக்க முன்வந்திருந்தார்கள். சோதனையை நடத்தியவர் ஆன்செல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர். முதல் மூன்று மாதம் வயிறார உண்டவர்களுக்கு, அடுத்த ஆறு மாதம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி அளவுக்கே உணவு தரப்பட்டது. ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, டர்னிப் கிழங்கு ஆகியவையே பெரும்பாலும் தட்டில் இருந்தன. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டியிருந்தது.

அவர்களுடைய உடல் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு கரைந்தது. ஆனால் அந்தச் சோதனை இன்றுவரை பேசப்படுவதற்குக் காரணம் எடை அல்ல, அவர்களுடைய மனத்துக்கு நேர்ந்ததுதான். பேச்சும் கனவும் உணவைப் பற்றியதாகவே ஆயின; சமையலில் நாட்டமே இல்லாதிருந்தவர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள்; ஒரு தட்டு உணவைத் துண்டு துண்டாக்கி நெடுநேரம் வைத்துத் தின்றார்கள்; எரிச்சலும் சோர்வும் மிகுந்து நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். கட்டுப்பாடு தளர்த்தப்பட்ட பிறகு, வயிறு முட்டத் தின்றும் பசி அடங்காமல் சிலர் தவித்தார்கள். இழந்த தசை மெதுவாகவும் கொழுப்பு விரைவாகவும் திரும்பி வந்தன. அப்போது அவர்களிற் சிலர் தங்கள் வயிற்றிலும் பின்புறத்திலும் சேர்ந்த சதையைச் சுட்டிக் குறைபட்டுக்கொள்ளவும் தொடங்கினார்கள். உடம்பு மெலிந்தால் உருவத்தைப் பற்றிய கவலையும் தீரும் என்று நாம் நினைக்கிறோம். அங்கே அந்தக் கவலை வந்ததே பசியின் வழியாகத்தான்.

இந்தப் பழைய சோதனையை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்று தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதியில் தங்கியிருக்கும் பத்தொன்பது வயது மாணவி ஒருத்தி, கைப்பேசியில் பார்த்த எடைக்குறைப்புத் திட்டம் ஒன்றை நாளைக் காலை முதல் கடைப்பிடிப்பது என்று முடிவு செய்தால், அந்தத் திட்டம் பல நேரங்களில் 1,200 கலோரி என்ற அளவைச் சொல்லும். ஆணுக்கும் பெண்ணுக்கும், பெரிய உடலுக்கும் சிறிய உடலுக்கும் தேவை வேறுபடும் என்றாலும், எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால், பட்டினியை ஆராய்வதற்கென்றே வகுக்கப்பட்ட உணவைவிடக் குறைந்த உணவு அது. காலை இட்லியை விட்டுவிட்டு, மதியம் அரைத்தட்டுச் சோற்றோடு எழுந்து, மாலை டீயோடு சமாளிக்கும் அவளுடைய உறுதி, இரவு பதினொரு மணிக்கு அறைத்தோழி மேகி கிளறும்போது உடைகிறது. உடைந்ததும் அவள் தன்னையே நொந்துகொள்கிறாள். நாடே போருக்குப் புறப்பட்டபோது மாட்டேன் என்று சொல்லும் மனவுறுதி படைத்த 36 பேரின் உடலும் இதையேதான் செய்தது என்பதை அவளுக்கு யாரும் சொல்வதில்லை.

உளவியலார் உடல் பிம்பம் என்று குறிப்பிடுவது, ஒருவர் தம் உடலை மனத்துக்குள் எப்படிப் பார்க்கிறார், அந்தப் பார்வையோடு எத்தகைய உணர்வைச் சேர்த்து வைத்திருக்கிறார் என்பதைத்தான். அது கைப்பேசித் திரையில் மட்டும் உருவாவதில்லை. நம் ஊரில் அதற்கு முன்பே வீட்டு வாசலில் தொடங்கிவிடுகிறது. செமஸ்டர் விடுமுறைக்கு ஊர் திரும்பும் பிள்ளையை நோக்கி வரும் முதற்சொல் பெரும்பாலும் உடம்பைப் பற்றியதாகவே இருக்கும். ‘என்னடா இப்படித் துரும்பா இளைச்சுட்ட, மெஸ்ல சோறே போடறதில்லையா’ என்று கேட்கும் பாட்டியின் குரலில் பரிவு இருக்கிறது. மகளிடம் ‘கொஞ்சம் பூசினாப்புல ஆயிட்ட’ என்று சொல்லும் அத்தையும் பாராட்டுவதாகவே நினைத்துச் சொல்கிறார். பூசினாற்போல என்பது இகழ்ச்சி கலவாத, அழகான சொல். நல்ல ஊட்டத்தோடு இருக்கும் உடலைச் சுட்டுவதற்குத் தமிழ் வைத்திருக்கும் சொல். ஆனால் கேட்பவள் காதில் அது இன்று பாராட்டாக விழுவதில்லை. வீடு சதை போடச் சொல்கிறது, திரை அதைக் கரைக்கச் சொல்கிறது, வரன் பார்ப்பவர்கள் நிறத்தைக் கேட்கிறார்கள். ஆண்பிள்ளைகளுக்கு நோஞ்சான், ஒல்லிக்குச்சி என்ற பெயர்கள் பள்ளியிலிருந்தே கூட வருகின்றன. அவற்றைச் சிரித்துக்கொண்டே ஏற்பதுதான் ஆண்மை என்று பழக்கப்பட்டிருப்பதால், அவர்களுடைய காயம் வெளியே தெரிவதும் இல்லை.

பிறர் நம்மிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோமோ, அந்த நினைப்பே பல நேரங்களில் தவறு என்பதை இரண்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 1985இல் வெளிவந்த ஆய்வில், ஏப்ரல் ஃபாலன், பால் ரோசின் என்ற இரு உளவியலாளர்கள் 475 அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம், மிக மெலிந்தது முதல் மிகப் பருத்தது வரையிலான உருவப் படங்களைக் காட்டி, தங்கள் உருவம் எது, விரும்பும் உருவம் எது, எதிர்பாலினர் விரும்புவதாகக் கருதும் உருவம் எது என்று கேட்டார்கள். ஆண்களின் விடைகள் மூன்றும் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுந்தன. பெண்கள் தங்கள் உருவத்தைவிட மெலிந்ததை விரும்பினார்கள். அது மட்டுமல்லாமல், ஆண்கள் உண்மையில் விரும்புவதாகச் சொன்னதைவிட மெலிந்த உருவத்தையே ஆண்கள் விரும்புவதாகவும் நம்பினார்கள். 2000ஆம் ஆண்டில் ஹாரிசன் போப் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஆஸ்திரியா, பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் கல்லூரி வயது ஆண்களிடம் இதே போன்ற கேள்வியைத் தசையைப் பற்றிக் கேட்டபோது, அவர்கள் விரும்பிய உடல் அவர்களுடைய உடலைவிட ஏறத்தாழ 13 கிலோ கூடுதல் தசை கொண்டதாக இருந்தது. பெண்கள் அதையே விரும்புவார்கள் என்றும் அவர்கள் நம்பினார்கள். பெண்களைக் கேட்டபோது அவர்கள் சுட்டியதோ சாதாரண ஆண் உடலைத்தான். இரண்டு ஆய்வுகளும் இன்ஸ்டாகிராம் பிறப்பதற்கு முந்தியவை என்பதால், எல்லாவற்றையும் கைப்பேசியின் தலையில் கட்டிவிட முடியாது. இல்லாத ஒரு நடுவரின் முன்னால் ஆணும் பெண்ணும் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். கைப்பேசி அந்தத் தேர்வை ஆண்டுக்கு இருமுறை என்பதிலிருந்து மணிக்கு இருமுறை என்று ஆக்கியிருக்கிறது.

இனி எண்ணுக்கு வருவோம். உடல் எடையைக் கிலோகிராமில் எடுத்து, மீட்டரில் கணக்கிட்ட உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறை குறியீட்டெண். இந்தக் கணக்கை 1830களில் வகுத்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்டலே. அவர் மருத்துவர் அல்லர், வானியலும் புள்ளியியலும் கற்றவர். சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று அறிவதே அவருடைய நோக்கம். அதற்கு இன்றைய பெயரைச் சூட்டியவர், 1972இல், அதே ஆன்செல் கீஸ். ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 7,400 ஆண்களின் அளவுகளை ஒப்பிட்டு, மக்கள்தொகைகளை ஆராய இது போதுமான, எளிய அளவு என்று அவர் முடிவு செய்தார். அவர் அளந்தவர்களில் பெண்கள் இல்லை. தனி ஒருவரின் நலத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் கருவியாக அது அங்கே முன்வைக்கப்படவும் இல்லை.

நம்மவர்களுக்கு இந்த எண்ணோடு வேறொரு சிக்கலும் உண்டு. 2004ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் அருகருகே நிற்கும் படம் ஒன்று வெளிவந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், மற்றவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3 தான், எந்த அட்டவணையிலும் சரியான எடை. ஆனால் உடற்கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 விழுக்காடும் யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடும் இருந்தன. பார்வைக்கு ஒல்லியாக இருக்கும் தெற்காசிய உடல், தசை குறைவாகவும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு கூடுதலாகவும் கொண்டிருக்கக்கூடும் என்பதை அந்த ஒரு படம் விளக்கிவிட்டது. இதனால்தான் அதிக எடையைக் குறிக்கும் பி.எம்.ஐ. 25 என்ற எல்லைக்குப் பதிலாக 23ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்று ஆசிய மக்களுக்குச் சொல்லப்படுகிறது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்ற இடுப்புச் சுற்றளவும் எச்சரிக்கை எல்லையாகக் கொள்ளப்படுகிறது. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. தமிழ்நாட்டில் அது 14.4 விழுக்காடு. நோஞ்சான் என்று கேலி செய்யப்படும் மாணவன், தனக்கு இனிப்பும் பரோட்டாவும் எதுவும் செய்யாது என்று நம்பிக்கொண்டு, ஓடாமல் ஆடாமல் நான்கு ஆண்டுகளைக் கழித்துவிட்டுப் போவதையும், உறுதியான தொடையும் தசையும் கொண்ட மாணவி தன் எடையைக் கண்டு கூனிக்குறுகுவதையும் ஒரே விடுதி வளாகத்தில் பார்க்கலாம். இருவருமே தப்பான கருவியை நம்பியிருக்கிறார்கள்.

எடை காட்டாத இன்னொன்று இரத்தம். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதே ஆய்வில் 40.4 விழுக்காட்டுப் பெண்களின் பி.எம்.ஐ. 25 என்ற எல்லையையும் எட்டியிருக்கிறது. இரண்டு எண்களும் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது, அதிக எடையும் இரத்தசோகையும் ஒரே உடலில் சேர்ந்தே இருக்கும் பெண்களும் நம்மிடையே பலர் இருக்கக்கூடும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மதிய வகுப்பில் கண் செருகுகிறது, விளையாடக் கூப்பிட்டால் உடம்பு வணங்குவதில்லை என்றால், தான் குண்டாகவும் சோம்பேறியாகவும் இருப்பதே காரணம் என்று மாணவி முடிவு செய்துகொண்டு சாப்பாட்டைக் குறைக்கிறாள். குறைந்திருப்பது ஹீமோகுளோபினாக இருந்தால், சாப்பாட்டைக் குறைப்பது நோயை வளர்க்கும். பெண்களுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கிறது. ஆண்களுக்கு அது 19 மில்லிகிராம்தான். சாப்பிட்டவுடன் டீ, காபி குடித்தால் உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வது குறையும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் கூடும். கீரைப் பொரியலைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, கை கழுவிய கையோடு டீக்கடைக்குப் போகும் வழக்கத்தில் மாற்ற வேண்டியது ஒரு மணி நேர இடைவெளிதான்.

நிறத்தின் கதை இதைவிடக் கொடியது. கறுப்பே அழகு, காந்தலே ருசி என்று பழமொழி சொன்ன மக்கள் நாம். ஆனால் 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, தன் பெயரிலிருந்து வெண்மையை நீக்கிக்கொள்ள 2020ஆம் ஆண்டு வரை ஆனது. இடையில் 2009இல் சென்னையிலிருந்தே, விமன் ஆஃப் வொர்த் என்ற அமைப்பின் வழியாக, கறுப்பு அழகே என்னும் பொருளில் டார்க் இஸ் பியூட்டிஃபுல் இயக்கம் எழுந்தது. பின்னர் நடிகை நந்திதா தாஸ் அதில் இணைந்தபோது நாடு முழுவதும் அது பேசப்பட்டது. விளம்பரங்கள் அடக்கமாகிவிட்டன, பழக்கம் ஓயவில்லை. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கி முகம் வெளுப்பதற்காக மாதக்கணக்கில் பூசியவர்களுக்குத் தோல் மெலிந்து, சிவந்து, வெயிலே ஆகாத நிலை வந்தது. 2018இல் அத்தகைய 14 மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது என்று அரசு ஆணையிட வேண்டியிருந்தது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை, சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களில் 15 பேரிடம் அரிதான ஓர் உள்வகையைக் கண்டார்கள். அந்த 15 பேரில் 13 பேர் தோலை வெளுப்பாக்கும் கிரீம் பூசிவந்தவர்கள். இத்தகைய கிரீம்களில் கலக்கப்படும் பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. முகத்துக்காகச் செய்தது எங்கே போய் முடிகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

மாணவர்களிடம் இதற்கு இணையாக வளர்ந்திருப்பது புரோட்டீன் பவுடர் மோகம். உடற்பயிற்சியை நான் குறை சொல்லவே மாட்டேன். தசை குறைந்த நம் உடல்வாகுக்கு எடை தூக்குவது தேவையான பயிற்சி, மாணவிகளுக்கு இன்னும் கூடுதலாகத் தேவை. ஆனால் ஜிம்மில் சேர்ந்த முதல் வாரத்திலேயே டப்பாவை வாங்கச் சொல்வதும், மாதத்துக்குச் சில ஆயிரம் ரூபாயை வீட்டில் கேட்கக் கூசி மெஸ் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு அதை வாங்குவதும் எந்தக் கணக்கிலும் சேராது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, தசை வளர்ப்பதற்காகப் புரதப் பொடிகளைத் தவிர்க்குமாறே சொல்கிறது. (அந்த நிறுவனம் 1918இல் நம் குன்னூரில் ஓர் ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது என்பது பலருக்கும் தெரியாத செய்தி.) உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது அதன் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ள மாணவனுக்கு ஏறத்தாழ 50 கிராம். நான்கு இட்லியில் எட்டு கிராம் அளவுக்கும், இரண்டு முட்டையில் பன்னிரண்டும், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் ஏறத்தாழ அதே அளவும் கிடைத்துவிட, சோறு, சாம்பார், தயிரிலிருந்து மிச்சம் வந்துசேரும். கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கு இன்னும் சிறிது வேண்டியிருக்கலாம். அதையும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் ஒரு டம்ளர் பாலும் தரும்.

உருவத்தைப் பற்றிய வெறுப்பாவது இவர்களை நல்ல பழக்கங்களின் பக்கம் தள்ளாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேலி செய்யும் பெரியவர்கள் பலரின் நம்பிக்கையும் அதுதான்: சொன்னால்தானே உறைக்கும் என்பார்கள். இந்தக் கேள்வியை நேரடியாகச் சோதித்த ஆய்வும் மினசோட்டாவில்தான் நடந்தது. டயான் நியூமார்க்-ஸ்டைனர் தலைமையில் 2,516 வளரிளம் பருவத்தினரை 1999 முதல் ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து பார்த்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் தங்கள் உடலோடு மனநிறைவு குறைந்திருந்தவர்கள், ஐந்தாண்டுகளுக்குப் பிறகு, கூடுதலாகப் பட்டினி கிடந்தார்கள், கூடுதலாகக் கட்டுமீறி உண்டார்கள், குறைவாக உடற்பயிற்சி செய்தார்கள். பெண்களிடம் பழமும் காய்கறியும் உண்பது குறைந்திருந்தது. ஆண்களிடம் புகைப்பழக்கம் கூடியிருந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. தன் உடம்பைக் கண்டு கூசுபவள் விளையாட்டுச் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்குவாளா? உடம்பை எதிரியாகக் கருதுகிறவருக்கு அதற்கு நல்ல சோறு போட மனம் வருமா? சொன்னால் உறைக்கும் என்பது உண்மைதான். உறைத்த இடத்தில் பழக்கம் வளர்வதில்லை.

இவ்வளவும் தனி மனிதரின் மனத்துக்குள் மட்டும் நடப்பதாக எழுதிவிட்டுப் போவது நேர்மையாகாது, ஏனெனில் பழக்கம் என்பது நேரத்தாலும் இடத்தாலும் ஆவது. காலை மெஸ் எட்டரைக்கு மூடுகிறது, வகுப்பு எட்டே முக்காலுக்குத் தொடங்குகிறது என்றால், இரவு இரண்டு மணி வரை ரெக்கார்டு எழுதியவர் காலை உணவைத் தவற விடுவது ஒழுக்கக்கேடல்ல. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு 2004இல் வெளியிட்ட ஆய்வில், பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 விழுக்காடு கூடியிருந்தது, வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்திருந்தது. நள்ளிரவு மேகிக்கும் மிக்சருக்கும் பின்னால் பசியோடு தூக்கக் குறைவும் இருக்கிறது. பல கல்லூரிகளில் மாணவிகள் விடுதியின் கதவு மாலை ஆறு, ஆறரைக்கே அடைக்கப்படுகிறது. வகுப்பு முடிவது நாலரைக்கு. வெயில் தாழ்ந்து, நடக்கவும் ஓடவும் ஏற்ற நேரம் வரும்போது மாணவர்கள் மைதானத்தில் இருக்கிறார்கள், மாணவிகள் வராந்தாவில் கைப்பேசியோடு இருக்கிறார்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும், இரண்டு நாளாவது தசைக்கு வேலை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது பெண்களுக்கும் சேர்த்துத்தான். விடுதி வளாகத்துக்குள்ளேயே ஒரு ஷட்டில் கோர்ட்டும் விளக்குக் கம்பமும் போட்டுக்கொடுப்பது, எத்தனையோ விழிப்புணர்வுக் கருத்தரங்குகளைவிடப் பயனுள்ள செலவு என்பது என் உறுதியான எண்ணம்.

முதலாண்டுச் சேர்க்கையின்போது மருத்துவச் சான்றிதழில் உயரமும் எடையும் எழுதப்படுகின்றன; அந்தத் தாளை அதன்பின் யாரும் பார்ப்பதில்லை. அதே நாளில் ஓர் அளவுநாடாவால் இடுப்பை அளந்து, விரல்நுனி இரத்தத்தில் ஹீமோகுளோபினைப் பார்த்து, முடிவைக் கூட்டத்தில் அறிவிக்காமல் மாணவரிடம் மட்டும் தனியே சொல்லலாம். மூன்றாம் ஆண்டில் மறுபடியும் பார்க்கலாம். அதோடு, விடுதிக் காப்பாளர்களும் அறைத்தோழர்களும் கவனிக்கவேண்டிய அடையாளங்கள் சில உண்டு: பிறர் முன் சாப்பிடுவதைத் தொடர்ந்து தவிர்ப்பது, சாப்பிட்ட உடனே ஒவ்வொரு முறையும் கழிவறைக்குப் போவது, மாதவிலக்கு நின்றுபோவது, காய்ச்சலிலும் உடற்பயிற்சியை விட மறுப்பது. இவை பிடிவாதமோ நாகரிகமோ அல்ல, உண்ணுதல் சார்ந்த மனநோயின் தொடக்கமாக இருக்கக்கூடியவை. உரிய நேரத்தில் மருத்துவரிடம் சேர்ந்தால் மீளக்கூடியவை. மனநல உதவிக்காக 2022 அக்டோபரில் மைய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில், எந்த நேரத்திலும், கட்டணமின்றித் தமிழிலேயே அழைத்துப் பேசலாம். விடுதி அறிவிப்புப் பலகையில் மெஸ் கட்டணத்தின் கடைசித் தேதி ஒட்டப்பட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அந்த எண்ணையும் ஒட்டிவைக்க ஒரு வெள்ளைத்தாள் போதும்.